அரியலூரும் ஒரு ராஜினாமாவும்: ஒரே ஒரு முடிவு தலைவரின் அடையாளமாக மாறுவது எப்படி?

நாட்டில் எங்கே பெரிய ரயில் விபத்து நடந்தாலும், மீட்புப் பணி முடிவதற்கு முன்பே ஒரு பேச்சு கிளம்பிவிடும்: "அந்தக் காலத்தில் லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தாரே, இப்போதைய அமைச்சர் ஏன் செய்யவில்லை?" 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில், சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் விபத்தில் சிக்கி 290 பேருக்கு மேல் இறந்தபோதும் இதுதான் நடந்தது. ஒரு பக்கம் ரயில்வே அமைச்சராக இருந்த சாஸ்திரி விலகிய 1956ஐக் காட்டி ராஜினாமா கேட்டார்கள், இன்னொரு பக்கம் "ராஜினாமா செய்தால் செத்தவர் திரும்பி வருவாரா" என்று கேட்டார்கள். இரண்டு பக்கமும் சாஸ்திரியின் பெயரை இழுத்தார்கள், ஆனால் 1956இல் உண்மையில் என்ன நடந்தது, அந்த ஒரு முடிவு ஏன் இத்தனை ஆண்டுகள் நிற்கிறது, அதே மாதிரி விலகிய மற்றவர்கள் ஏன் நினைவில் இல்லை என்பதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. அதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

1956இல் நடந்தது என்ன?

அந்த ஆண்டில் நடந்தது ஒன்றல்ல, இரண்டு விபத்துகள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

முதலாவது, ஹைதராபாத்துக்குத் தெற்கே மகபூப்நகர் அருகே. வெள்ளத்தில் ரயில் பாலம் இடிந்து நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். ரயில்வே அமைச்சராக இருந்த சாஸ்திரி, பிரதமர் நேருவிடம் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். நேரு ஏற்கவில்லை. சாஸ்திரி பதவியில் தொடர்ந்தார்.

இரண்டாவது அரியலூர். 1956 நவம்பர் 22 இரவு சென்னை எழும்பூரிலிருந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கிளம்பியது. வடகிழக்குப் பருவமழைக் காலம், நல்ல மழை. அரியலூர் அப்போது திருச்சி மாவட்டத்தில் இருந்தது. அதைத் தாண்டினால் மருதையாறு. சாதாரண நாளில் அந்த ஆற்றைப் பார்த்தால் ஒரு ரயிலை விழுங்கக்கூடியது என்று யாரும் சொல்லமாட்டார்கள். அன்று கரைபுரண்டு ஓடியது. பாலத்தை ஒட்டிய கரையின் மண்ணைத் தண்ணீர் அரித்துக்கொண்டு போயிருந்தது. மேலே தண்டவாளம் இருந்தது, அதைத் தாங்க வேண்டிய மண் இல்லை. 23ஆம் தேதி விடிவதற்கு முன், பயணிகள் பெரும்பாலும் தூக்கத்தில் இருந்த நேரத்தில், நீராவி எஞ்சினும் அதன் பின்னால் இருந்த பெட்டிகளும் ஆற்றுக்குள் போய்விட்டன. 140 பேருக்கு மேல் இறந்தார்கள்.

சாஸ்திரி மறுபடியும் ராஜினாமா கொடுத்தார். இந்த முறை நேரு ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொண்டபோது நாடாளுமன்றத்தில் அவர் சொன்னதன் சாரம் முக்கியமானது: இந்த விபத்துக்கு சாஸ்திரி எந்த வகையிலும் காரணம் அல்ல, ஆனால் அரசியல் சாசன ஒழுக்கத்துக்கு ஒரு முன்மாதிரி வேண்டும், நடந்ததைப் பற்றி அக்கறையில்லாமல் பழையபடியே போய்க்கொண்டிருக்கிறோம் என்று யாரும் நினைக்கக்கூடாது, அதனால் ஏற்கிறேன். அதாவது, அந்தத் தருணத்துக்கு என்ன பொருள் என்பதை அன்றைக்கே நேரு சபையில் எழுதி வைத்துவிட்டார். வெறும் விலகலாக நின்றிருக்க வேண்டியது முன்மாதிரியாக மாறியதில் சாஸ்திரிக்கு எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு நேருவுக்கும் உண்டு என்றே நினைக்கிறேன்.

சட்டப்படி அமைச்சர் விலகியே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. இங்கே மூன்று விதமான பொறுப்புகளைக் குழப்பிக்கொள்கிறோம்.

1. கூட்டுப் பொறுப்பு. அரசியல் சாசனத்தின் 75(3) பிரிவு, மத்திய அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்பு என்கிறது. மக்களவையின் நம்பிக்கையை இழந்தால் மொத்த அமைச்சரவையும் போக வேண்டும். இது சட்டம்.

2. நிர்வாகப் பொறுப்பு. சிக்னலை யார் சரியாக இணைக்கவில்லை, பாலத்தை யார் சோதிக்கவில்லை, எச்சரிக்கை வந்தும் யார் வண்டியை நிறுத்தவில்லை என்பது. இதை விசாரணை தீர்மானிக்கும், தண்டனை ஊழியருக்கோ அதிகாரிக்கோ போகும். பாலசோர் விபத்தில் சிக்னல் பராமரிப்புப் பணியில் நடந்த தவறுகள் வெளிவந்து, ரயில்வே ஊழியர்கள் மூன்று பேர் கைதானது இந்த வகை.

3. தார்மிகப் பொறுப்பு. தான் நேரடியாகத் தவறு செய்யாவிட்டாலும், தன் துறையில் நடந்ததற்குத் தானே பதில் சொல்வது. இது எந்தச் சட்டத்திலும் இல்லை. பிரிட்டிஷ் நாடாளுமன்ற மரபிலிருந்து வந்தது. 1954இல், அரியலூருக்கு இரண்டே ஆண்டுக்கு முன், பிரிட்டன் விவசாய அமைச்சர் தாமஸ் டக்டேல் தன் அதிகாரிகள் ஒரு நில விவகாரத்தில் நடந்துகொண்ட விதத்துக்காகப் பதவி விலகினார். டார்செட் பகுதியில் கிரிச்செல் டவுன் என்ற இடத்தில் போருக்கு முன் குண்டுவீச்சுப் பயிற்சிக்கென்று எடுத்த நிலத்தைப் பழைய குடும்பத்துக்குத் திருப்பித் தராமல் இழுத்தடித்த விவகாரம் அது. இந்த மாதிரிச் செய்திகளை அன்றைய இந்திய நாடாளுமன்றம் கூர்ந்து கவனித்துக்கொண்டிருந்தது, குடியரசாகி ஆறே ஆண்டுகள் ஆன நாடு, எந்த மரபு இங்கே வேர்விடும் என்று யாருக்கும் தெரியாத காலம்.

ஆக, சாஸ்திரியை விலகச் சொல்ல எந்தச் சட்டமும் இல்லை, பிரதமர் நெருக்கவில்லை, முதல் தடவை கொடுத்த கடிதம் திரும்பியே வந்திருந்தது. போகாமல் இருந்திருந்தால் யாரும் பெரிதாகக் குறை சொல்லியிருக்க முடியாது. இதுதான் அடுத்த கேள்விக்குத் திறவுகோல்.

ஒரு முடிவு எப்போது அடையாளமாகிறது?

அமைச்சரோ முதலமைச்சரோ நாள் முழுக்க முடிவு எடுத்துக்கொண்டேதான் இருக்கிறார். பெரும்பாலானவை கோப்புகளுக்குள் நடக்கின்றன, நம் கண்ணுக்கு வருவதில்லை. எப்போதாவது ஒரு சம்பவம் அவரைக் கோப்பிலிருந்து வெளியே இழுத்து, எல்லோரும் பார்க்கும் இடத்தில் நிறுத்துகிறது. அங்கே அவர் செய்வதை வைத்துத்தான் உள்ளே இருப்பது என்ன என்று மக்கள் முடிவு கட்டுகிறார்கள். ஆனால் அப்படி நிறுத்தப்பட்ட எல்லாத் தருணங்களும் நிலைப்பதில்லை. என் கணிப்பில் நான்கு விஷயங்கள் சேர வேண்டும்.

1. வேறு வழி திறந்திருக்க வேண்டும். கட்டாயத்தில் செய்தது குணத்தைக் காட்டாது. 1956இல் சாஸ்திரிக்கு இருந்துவிடும் வழி அகலமாகவே திறந்திருந்தது.

2. இழப்பு தன்னுடையதாக இருக்க வேண்டும். கீழே இருக்கும் அதிகாரியை இடைநீக்கம் செய்வதும் முடிவுதான், ஆனால் அதில் அமைச்சர் இழப்பது எதுவும் இல்லை.

3. நேரம் தவறக்கூடாது. இதற்கு எதிர்மறை உதாரணம் வி.கே. கிருஷ்ண மேனன். 1962இல் சீனாவுடனான போரில் அடி விழுந்தபோது பாதுகாப்பு அமைச்சர் அவர்தான். எதிர்ப்பு முற்றியதும் அக்டோபர் கடைசியில் நேரு பாதுகாப்புத் துறையைத் தானே எடுத்துக்கொண்டு, மேனனைப் பாதுகாப்பு உற்பத்திக்கு மாற்றினார். கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு அடங்கவில்லை, நவம்பர் முதல் வாரத்தில் மேனன் முழுவதுமாகப் போக வேண்டியிருந்தது. அவரும் விலகினார் என்றுதான் பதிவேடு சொல்லும், மக்கள் நினைவில் அது வெளியேற்றம். இத்தனைக்கும் 1957இல் ஐ.நா. பாதுகாப்பு அவையில் காஷ்மீருக்காக மணிக்கணக்கில் பேசி நாடே கொண்டாடிய மனிதர் அவர். ஒரு பெரிய தருணத்தை இன்னொரு தருணம் மூடிவிட்டது.

4. முன்னும் பின்னும் ஒத்துப்போக வேண்டும். இருப்பதிலேயே கடினமானது இதுதான், அதிகம் கவனிக்கப்படாததும் இதுதான்.

நான்காவதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மொத்த விஷயமும் அதில்தான் இருக்கிறது. 1999 ஆகஸ்டில் மேற்கு வங்கத்தின் கைசால் என்ற இடத்தில் அவத்-அசாம் எக்ஸ்பிரஸும் பிரம்மபுத்ரா மெயிலும் நேருக்கு நேர் மோதி 280 பேருக்கு மேல் இறந்தார்கள். அப்போதைய ரயில்வே அமைச்சர் நிதிஷ் குமார் தார்மிகப் பொறுப்பேற்று ராஜினாமா செய்தார், அது ஏற்கவும்பட்டது. சாஸ்திரி செய்த அதே செயல், அதே துறை. இறந்தவர்கள் அரியலூரைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. இன்றைக்கு நிதிஷ் குமார் என்றதும் கைசாலை நினைப்பவர் யார்? பீகார் நிர்வாகம் நினைவுக்கு வரும், கூட்டணி மாறியது நினைவுக்கு வரும், ராஜினாமா வராது. அது நடந்தது தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்த இடைக்கால அரசின் காலம், சில மாதங்களில் அவர் மறுபடி மத்திய அமைச்சரானார், 2001இல் ரயில்வேயே திரும்ப அவர் கைக்கு வந்தது. இதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அதற்குப் பின் வந்த ஆண்டுகள் வேறு கதையைச் சொன்னதால் அந்த ஒரு செயல் அந்தக் கதையில் ஒட்டவில்லை.

சாஸ்திரிக்கோ, பின்னால் நடந்தவை எல்லாம் அரியலூரோடு ஒட்டிக்கொண்டே போயின. 1963இல் காமராஜர் திட்டத்தின்படி கட்சிப் பணிக்காகப் பதவி துறந்த ஆறு மத்திய அமைச்சர்களில் அவரும் ஒருவர், அப்போது அவர் கையில் இருந்தது உள்துறை. பிரதமரான பிறகு வங்கிக் கடன் போட்டு ஒரு பியட் கார் வாங்கினார், அவர் இறக்கும்போது அந்தக் கடன் பாக்கி இருந்தது. இதையெல்லாம் தெரிந்துகொண்ட மக்கள், 1956ஐத் திரும்பிப் பார்த்து "அன்றைக்கே அப்படித்தான் இருந்தார்" என்றார்கள். தருணம் நடக்கும் நாளில் அது பாதிதான். மீதிப் பாதியைப் பிற்காலம் எழுதுகிறது.

அதே விபத்து, வேறொரு பெயர்

தமிழ்நாட்டில் அரியலூருக்கு இன்னொரு முகம் உண்டு, அது ஓ.வி. அழகேசனுடையது. செங்கல்பட்டிலிருந்து 1952இல் மக்களவைக்குப் போனவர், சாஸ்திரியின் கீழ் ரயில்வே துணை அமைச்சர். 1957 பொதுத்தேர்தல் வந்தபோது அரியலூர் விபத்து நடந்து சில மாதங்களே ஆகியிருந்தன. தேர்தலில் முதன்முறையாக இறங்கிய தி.மு.க., அரியலூரின் பெயரையும் அழகேசன் பெயரையும் ஒன்றாகக் கோத்து, ஆண்டது போதாதா, மக்கள் மாண்டது போதாதா என்று கேட்டது. இந்த முழக்கத்தைப் பல வடிவங்களில் சொல்வார்கள், ஆண்டது-மாண்டது என்ற எதுகை மட்டும் மாறாது. சுவரில் எழுதவும் மேடையில் முழங்கவும் அதைவிடத் தோதான வரி கிடைக்காது. அடுத்த மக்களவையில் அழகேசன் இல்லை.

நியாயமாகப் பார்த்தால் மண்ணரிப்புக்கு அமைச்சர் எவ்வளவு காரணமோ அவ்வளவுதான் துணை அமைச்சரும் காரணம், அதாவது நேரடியாக எதுவும் இல்லை. ஆனால் விலகல் என்ற செயலின் மொத்தப் பெருமையும் மூத்தவரிடம் போய்ச் சேர்ந்தது, விபத்தின் பெயர் உள்ளூர்க்காரரிடம் தங்கியது. ஒரு தலைவரை ஒரு தருணம் அடையாளப்படுத்துகிறது என்று சொல்லும்போது, அந்தத் தருணத்துக்கு வார்த்தை கொடுப்பவர் யார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. சாஸ்திரியின் செயலுக்கு வார்த்தை கொடுத்தவர் நேரு. அழகேசனுக்கு வார்த்தை கொடுத்தவர்கள் எதிர்க்கட்சிக்காரர்கள். அழகேசன் 1962இல் மறுபடி வென்று மத்திய அரசில் இணையமைச்சரானார், ஆனாலும் அந்த எதுகை அவரை விட்டுப் போகவில்லை.

1965: ஒரே ஆண்டு, இரண்டு சாஸ்திரி

1964 மே மாதம் நேரு இறந்தார். காங்கிரஸ் தலைவராக இருந்த காமராஜர் எம்.பி.க்களையும் முதலமைச்சர்களையும் ஒவ்வொருவராகக் கேட்டு, மொரார்ஜி தேசாயை விட சாஸ்திரிக்கே ஆதரவு அதிகம் என்று முடிவு செய்தார். ஜூன் 9 அன்று சாஸ்திரி பிரதமரானார். அப்புறம் அவர் இருந்தது பத்தொன்பது மாதம். அந்தப் பத்தொன்பது மாதத்தில் மூன்று முடிவுகள் அவரை உரசிப் பார்த்தன.

முதல் முடிவு, மொழி. அரசியல் சாசனப்படி 1965 ஜனவரி 26 முதல் மத்திய அரசின் ஆட்சிமொழி இந்தி. இந்தி பேசாத மக்கள் விரும்பும் வரை ஆங்கிலமும் இருக்கும் என்று நேரு நாடாளுமன்றத்தில் உறுதி கொடுத்திருந்தார், ஆனால் 1963இல் வந்த ஆட்சிமொழிச் சட்டத்தில் அந்த உறுதி அழுத்தமாக இடம்பெறவில்லை. தமிழ்நாட்டில் பயம் வருடக்கணக்காகவே இருந்தது, 1964 ஜனவரியிலேயே திருச்சியில் சின்னச்சாமி தீக்குளித்திருந்தார். தேதி நெருங்க நெருங்க டெல்லி எதையும் தெளிவுபடுத்தவில்லை. ஜனவரி 25 அன்று மதுரையில் மாணவர் ஊர்வலம் கலவரத்தில் முடிந்தது. அடுத்தடுத்த நாட்களில் கோடம்பாக்கத்தில் சிவலிங்கம், விருகம்பாக்கத்தில் அரங்கநாதன் தீக்குளித்தார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். பிப்ரவரியிலும் ஊர் ஊராகத் துப்பாக்கிச் சூடு, ராணுவமும் வரவழைக்கப்பட்டது. மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும், நாம் மேலே பார்த்த அதே அழகேசனும் ராஜினாமா கொடுத்தார்கள். அதன் பிறகுதான், பிப்ரவரி 11 இரவு, சாஸ்திரி வானொலியில் பேசி நேருவின் உறுதிமொழி காப்பாற்றப்படும் என்றார்.

அந்த உரை சரியான உரைதான். ஆனால் ஜனவரி முதல் வாரத்தில் வந்திருக்க வேண்டியது. அரியலூரில் யாரும் கேட்காமலே பொறுப்பேற்ற மனிதர், இங்கே ஒரு மாநிலமே கேட்டும் இரண்டு அமைச்சர்கள் விலகும் வரை பேசவில்லை. உறுதி சட்டமாக மாற 1967 டிசம்பர் வரை ஆயிற்று, அதற்குள் சாஸ்திரி இறந்துவிட்டார், மதராஸ் மாநிலத்தில் காங்கிரஸ் ஆட்சியும் போய்விட்டது. முதலமைச்சர் பக்தவத்சலத்தின் நீண்ட பொதுவாழ்வு இன்றைக்கு அந்த இரண்டு மாதங்களாகவும் அரிசித் தட்டுப்பாடாகவும் சுருங்கிக் கிடக்கிறது. 1967 தேர்தலில் அவர் ஸ்ரீபெரும்புதூரில் தோற்றார். காமராஜரே விருதுநகரில் தோற்றார். நான் இதை வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம், சாஸ்திரியின் நேர்மையைப் புகழும் கட்டுரைகள் பெரும்பாலும் இந்த மாதங்களைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன. தமிழ்நாட்டில் வாழ்ந்தவர்களால் அப்படித் தாண்ட முடியாது.

இரண்டாவது முடிவு, போர். 1965 செப்டம்பர் 1 அன்று பாகிஸ்தான் டாங்கிகள் ஜம்முவின் சம்ப் பகுதியில் புகுந்து அக்னூரை நோக்கி நகர்ந்தன. அக்னூர் விழுந்தால் காஷ்மீருக்கான தரைவழி அறுந்துபோகும். அங்கேயே நின்று தடுப்பதா, அல்லது பஞ்சாப் வழியாகச் சர்வதேச எல்லையைத் தாண்டி லாகூர்ப் பக்கம் அடித்து எதிரியின் படையைப் பிரிப்பதா? இரண்டாவது வழி என்றால் முழுப் போர், உலக நாடுகளின் நெருக்கடி, உணவுக்கே அமெரிக்கக் கோதுமையை நம்பியிருந்த நாட்டுக்கு அது சின்ன விஷயமல்ல. சாஸ்திரி இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். செப்டம்பர் 6 அன்று ராணுவம் எல்லையைத் தாண்டியது. மெலிந்த, குட்டையான, மெதுவாகப் பேசும் மனிதர் இப்படி முடிவெடுப்பார் என்று பாகிஸ்தான் தலைமை கணக்குப் போடவில்லை. வட இந்தியாவின் நினைவில் சாஸ்திரி என்றால் இந்த மூன்று வாரங்களும் 'ஜெய் ஜவான், ஜெய் கிசான்' முழக்கமும்தான்.

மூன்றாவது, தாஷ்கண்ட். சோவியத் நாட்டின் ஏற்பாட்டில் 1966 ஜனவரி 10 அன்று பாகிஸ்தான் அதிபர் அயூப் கானுடன் ஒப்பந்தம். பிடித்த இடங்களை இரு தரப்பும் திருப்பித் தர வேண்டும், அதில் உயிரைக் கொடுத்துப் பிடித்த ஹாஜி பீர் கணவாயும் அடக்கம். நாட்டில் கோபம் எழுந்தது, மத்திய அமைச்சர் மகாவீர் தியாகி இதை எதிர்த்துப் பதவியே விலகினார். சாஸ்திரி திரும்பி வந்து விளக்கம் சொல்ல வேண்டிய இடத்தில், கையெழுத்திட்ட சில மணி நேரத்தில் தாஷ்கண்டிலேயே இறந்துபோனார். கேள்வி கேட்க வேண்டியவர்கள் துக்கம் அனுசரித்தார்கள். அவர் உயிரோடு திரும்பியிருந்தால் இன்று எந்தத் தருணம் அவருடைய அடையாளமாக இருந்திருக்கும்? சொல்ல முடியாது. இறப்பு ஒரு தலைவரின் கணக்கை எந்த இடத்தில் நிறுத்துகிறது என்பதும் அவருடைய அடையாளத்தைத் தீர்மானிக்கிறது, அது அவர் கையில் இல்லாத விஷயம்.

ஆக ஒரே ஆண்டில் ஒரே மனிதருக்கு, மதுரையில் ஒரு அடையாளம், அமிர்தசரஸில் வேறொரு அடையாளம். இரண்டுமே பொய்யல்ல.

எதிர்த்திசையில் போன ஒரு முடிவு

இதை ஒரு பத்தியில் சொல்லிவிடலாம். 1975 ஜூன் 12 அன்று அலகாபாத் உயர்நீதிமன்றம் இந்திரா காந்தியின் ரேபரேலி வெற்றியைச் செல்லாது என்றது. ஜூன் 24 அன்று உச்சநீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் நிபந்தனையுடன் தடை கொடுத்தார்: பிரதமராகத் தொடரலாம், மக்களவையில் வாக்களிக்க முடியாது. மேல்முறையீடு முடியும் வரை விலகி நின்று, ஜெயித்துத் திரும்பும் வழி அவருக்கும் இருந்தது. மறுநாள் இரவு நெருக்கடி நிலை வந்தது. வங்கி தேசியமயம், 1971 வங்கதேசப் போர் வெற்றி என்று பெரிய முடிவுகள் எடுத்தவர்தான், ஆனாலும் அவரைப் பற்றிய எந்தப் பேச்சும் அந்த ஜூன் இரவைச் சுற்றிக்கொண்டு போக முடிவதில்லை.

ராஜினாமாவால் பாலம் பலமாகுமா?

ஆகாது. இதை நேரடியாகச் சொல்லிவிட வேண்டும். 1956 ராஜினாமாவைப் போற்றும் நாம், அதில் நமக்கு வசதியில்லாத சில உண்மைகளையும் ஏற்க வேண்டும்.

சாஸ்திரி வெளியே இருந்தது சில மாதங்கள்தான். 1957 தேர்தலில் கட்சிக்காக வேலை செய்தார், வென்றார், போக்குவரத்து-தகவல் தொடர்பு அமைச்சராக மந்திரிசபைக்குத் திரும்பினார். அப்படித் திரும்பியதில் தவறில்லை, தார்மிகப் பொறுப்பு என்பது துறவறம் அல்ல. ஆனால் அவர் எல்லாவற்றையும் துறந்துவிட்டுப் போனார் என்று கதை சொல்வது சரியல்ல.

அடுத்தது, அந்த ஆண்டு நடந்த இரண்டு விபத்துமே வெள்ளமும் பாலமும் சம்பந்தப்பட்டவை. முதல் விபத்துக்கும் இரண்டாவதுக்கும் இடையே சில மாதங்களே இருந்தன. மழைக்காலத்தில் பாலங்களை எப்படிக் கண்காணிப்பது, ஆற்றில் நீர் எந்த அளவுக்கு ஏறினால் வண்டியை நிறுத்துவது என்பதுதான் அந்த இடைவெளியில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. நினைவில் தங்கியது ராஜினாமா. மருதையாற்றின் கரை எப்படி அரிக்கப்பட்டது என்பது யார் நினைவிலும் தங்கவில்லை. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. 140 பேருக்கு மேல் செத்த ஒரு விபத்து, விலகிய ஒருவரின் நற்பெயருக்கான அடிக்குறிப்பாகிவிட்டது.

அதற்காக ராஜினாமா வீண் என்று நான் சொல்லவில்லை. மேலே இருப்பவர் "இது என்னுடையது" என்று சொன்னால், கீழே இருப்பவர்களுக்குப் பழியை ஒருவர் மீது ஒருவர் தள்ளிவிட இடம் குறைகிறது, உண்மை வெளிவர வாய்ப்பு கூடுகிறது. அதே வேலையைப் பதவியில் இருந்துகொண்டும் செய்யலாம். பாலசோரில் அமைச்சர் விலகவில்லை, தண்டவாளம் சரியாகி வண்டி ஓடும் வரை அங்கேயே நின்று மேற்பார்வையிட்டார். அதைப் பொறுப்பு என்று பார்ப்பவரும் உண்டு, போதாது என்பவரும் உண்டு. எது சரி என்பது, அதன் பிறகு சிக்னல் பராமரிப்பு விதிகளில் என்ன மாறியது என்பதைப் பொறுத்தது.

அடுத்த முறை செய்தி வரும்போது

"சாஸ்திரி செய்தாரே" என்ற வரி மறுபடி வரும். அப்போது இவற்றைக் கேட்டுப் பாருங்கள்.

1. விலகினாரா இல்லையா என்பதைத் தாண்டி, முதல் நாளே அவர் யாரைக் கைகாட்டினார்? தன்னையா, ஓட்டுநரையா, சதியையா?

2. விலகினார் என்றால், விலகாமல் இருந்துவிடும் வழி அவருக்கு உண்மையிலேயே இருந்ததா?

3. இதற்கு முன்பு அதே வகை விபத்து நடந்து, அதன் பரிந்துரைகள் கிடப்பில் போடப்பட்டிருந்தனவா? இருந்தால் ராஜினாமா அதை மறைக்கக்கூடாது.

4. விசாரணை யார் கையில்? ரயில் விபத்துகளை விசாரிக்கும் ரயில்வே பாதுகாப்பு ஆணையர், ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருகிறார். ரயில்வே தன்னைத் தானே விசாரிக்கக்கூடாது என்பதற்காகச் சுதந்திரத்துக்கு முன்பே செய்த ஏற்பாடு. ஆனால் அவருடைய பரிந்துரைகளை ரயில்வே ஏற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அணு விஞ்ஞானி அனில் ககோட்கர் தலைமையிலான குழு 2012இல், சட்ட அதிகாரம் கொண்ட தனிப் பாதுகாப்பு ஆணையம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. ராஜினாமா பேச்சு இரண்டு வாரத்தில் அடங்கிவிடும், ஆணையரின் அறிக்கை வரும்போது செய்தியாளர்கள் வேறு செய்திக்குப் போயிருப்பார்கள். அந்த அறிக்கையை முழுதாக வெளியிடுங்கள் என்று கேட்பதற்கு எந்த அமைச்சரின் விலகலுக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.